ஒன்பது வருஷம் பள்ளியில் இருந்தும் பாடத் தமிழ் ஏன் கைக்கு வரவில்லை?

கேள்வி, 2 டிசம்பர்

குன்னூர் பக்கம் ஒரு பள்ளியில் இந்த ஜூனில்தான் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு. பாதிப் பேர் வீட்டில் படுக மொழி, சிலர் கன்னடம், இரண்டு பேர் மலையாளம். தமிழ் எல்லோருக்கும் சரளம், பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தாளில் மட்டும் முழுசாக ஒரு வாக்கியம் கிடையாது. புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் என்றால் புரிந்துகொள்ளலாம். முதல் வகுப்பிலிருந்து இங்கேயே படிக்கிறவர்கள் இப்படி எழுதினால் அது கவனக்குறைவுதானே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2 டிசம்பர், இரவு

கவனக்குறைவு இல்லை. நானும் பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊட்டிக்கு மேற்கே ஒரு காய்கறிப் பள்ளத்தில் இருக்கிற பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். "வாய் இருக்கு, கை இல்ல" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். அந்த வார்த்தையை நான் விட்டு நாலைந்து வருஷம் ஆகிறது.

பிள்ளை விளையாட்டு மைதானத்தில் பேசுகிற மொழி வேறு, பாடப்புத்தகம் பேசுகிற மொழி வேறு. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் பேச்சு சுமார் இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாட மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். கலிபோர்னியாவில் ஆறு வருஷத்துக்கு மேல் பள்ளியில் இருந்தும் 'ஆங்கிலம் கற்போர்' பட்டியலை விட்டு வெளியே வர முடியாத பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு 'நெடுங்கால ஆங்கிலம் கற்போர்' என்று தனிப் பெயர் வைத்து 2012இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அங்கே ஆங்கிலம், இங்கே தமிழ். பேச்சு சரளமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வராததால் யாரும் சொல்லித் தருவதும் இல்லை. அப்படியே ஒன்பதாம் வகுப்பு வந்துவிடுகிறது.

2 டிசம்பர், அதற்குப் பிறகு

மேலே ஏழு வருஷம் என்று எழுதியதைப் பார்த்து 'பொறுத்திருந்தால் தானாக வந்துவிடும்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தானாக வருவதாக இருந்தால் உங்கள் வகுப்பில் வந்திருக்க வேண்டுமே.

4 டிசம்பர்

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று தெரியும்.

டிசம்பர் மாதம், முதல் பீரியட். வரும் வழியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் சொன்னாள்: "நேத்து ராத்திரி வானம் பளிச்சுனு இருந்துச்சு டீச்சர், காத்தும் இல்ல. அப்பவே எங்கப்பா சொல்லிட்டாரு, நாளைக்கு பள்ளத்து உருளைக்கிழங்குக்கு அடின்னு. மேட்டுக் காட்டுக்கு ஒண்ணும் ஆகாது." மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு, பள்ளத்தில் அதிகம், மேட்டில் குறைவு. நான் கல்லூரியில் படித்த விஷயம் அத்தனையும் அதில் இருக்கிறது.

அதே பெண் அரையாண்டுத் தேர்வில், 'உறைபனி உருவாவதற்கான காரணங்களை விளக்குக' என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியது இவ்வளவுதான்:

"உறைபனி என்பது பனி. குளிர் காலத்தில் வரும். பயிர் கருகும்."

ஒரு மதிப்பெண் போட்டேன். போட்டுவிட்டு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. விஷயம் தெரியாத பிள்ளை எழுதிய விடை இது இல்லை. தெரிந்ததை எந்த வாக்கியத்தில் ஏற்றுவது என்று யாரும் காட்டாத பிள்ளையின் விடை. காட்ட வேண்டிய ஆள் நான்.

5 டிசம்பர்

ஒரு திருத்தம். 'உறைபனி விழுந்தது' என்று நேற்று எழுதியதை ஒருவர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. மலையில் எல்லோரும் 'பனி விழுது' என்றுதான் சொல்கிறோம், ஆனால் உறைபனி மேலிருந்து விழுவதில்லை. தரையை ஒட்டிய காற்றில் இருக்கும் நீராவி, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துபோன புல்லின் மேல் நேரடியாகப் பனிக்கட்டியாகப் படிகிறது.

இந்தத் திருத்தமே பாடம். 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் பனித்துளி, மூடுபனி, உறைபனி மூன்றையும் பேசிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும், ஜன்னலைத் திறந்தால் எந்தப் பனி என்று கண்ணுக்குத் தெரிகிறது. தாளில் ஜன்னல் இல்லை.

7 டிசம்பர்

'இது தமிழாசிரியர் வேலை, அறிவியல் பீரியடில் எதற்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் வகுப்பில் பிள்ளை செய்யுள் படிக்கிறான், கட்டுரை எழுதுகிறான், இலக்கணம் படிக்கிறான். 'எனப்படும்' என்று முடிகிற வரையறை அவனுக்கு அறிவியல் புத்தகத்தில்தான் வருகிறது. அதை எப்படிப் படிப்பது என்று அங்கேதான் காட்ட முடியும்.

இந்த மாதிரி வாக்கியத்தைப் பாருங்கள்:

"பசுந்தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் கார்பன் டை ஆக்ஸைடையும் நீரையும் பயன்படுத்தித் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயாரித்துக்கொள்ளும் நிகழ்வு ஒளிச்சேர்க்கை எனப்படும்."

எதைப் பற்றிய வாக்கியம் என்பது கடைசிக்கு முந்தின சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை வருகிற அத்தனையையும் பிள்ளை தலையில் தூக்கிக்கொண்டே போக வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை பாதி வழியில் இறக்கி வைத்துவிடுகிறான். பிறகு மனப்பாடம்தான் வழி.

நான் இப்போது வாலிலிருந்து படிக்கச் சொல்கிறேன். 'எனப்படும்' எங்கே? அதைத் தொடு. அதற்கு முன்னால் என்ன? ஒளிச்சேர்க்கை. அது ஒரு என்ன? நிகழ்வு. என்ன செய்யும் நிகழ்வு? உணவு தயாரிக்கும் நிகழ்வு. யார் தயாரிக்கிறார்கள்? எதை வைத்து? எதன் உதவியால்? இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் நடந்து வாக்கியத்தின் தலைக்குப் போகிறோம். முதல் வாரம் இருபது நிமிடம் பிடித்தது. இப்போது பையன்களே "வாலப் புடிடா" என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொள்கிறார்கள்.

8 டிசம்பர்

கணக்கிலும் இப்படித்தானா என்று கணக்கு சார் கேட்டதற்கு: ஆமாம், கணக்கில் இன்னும் மோசம். 'ஓர் எண்ணின் இரு மடங்கை விட 5 குறைவு' என்றால் பலர் 5இலிருந்து கழிக்கிறார்கள். கழித்தல் அவர்களுக்குத் தெரியும், 'விட' என்ற அந்தச் சின்னச் சொல்லில்தான் சறுக்குகிறார்கள். கேள்வியைச் சத்தமாகப் படித்து, எது பெரிது, எது சிறிது என்று முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் கணக்கு எடுப்பவர் செய்து பார்த்துவிட்டு நல்ல பலன் என்கிறார்.

11 டிசம்பர்

வாலைப் பிடிக்கும் முறை பற்றி ஒரு மறுயோசனை. வரையறைக்கு அது நன்றாக வேலை செய்கிறது. காரண-விளைவு பத்திகளுக்குச் செய்யவில்லை. நேற்று ஒரு பையன் மண்ணரிப்பு பத்தியை வாலிலிருந்து படித்து, மரம் வெட்டியதற்குக் காரணமே மண் சரிந்ததுதான் என்று முடித்துவிட்டான். முறையை அப்படியே நம்பிச் செய்திருக்கிறான், தவறு என்னுடையது. அந்த மாதிரி பத்திகளுக்கு நான் இப்போது இணைப்புச் சொற்களுக்கு மட்டும் வட்டம் போடச் சொல்கிறேன்: ஆகவே, ஏனெனில், இதனால், இருப்பினும், மாறாக.

இவற்றில் 'இருப்பினும்' ரொம்பக் கஷ்டமான சொல். பேச்சில் நாம் 'ஆனா' என்று இழுத்தாலே முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேரில் ஏழு பேர் 'இருப்பினும்' என்றால் 'அங்கே இருந்தாலும்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அவர்கள் நினைத்தது நியாயம்தான்.

12 டிசம்பர்

கலைச்சொற்களை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்டவருக்கு. நான் அதைத்தான் முதலில் செய்தேன். சவ்வூடு பரவல், ஆக்சிஜனேற்றம், ஆவியாதல் எல்லாம் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் படித்தார்கள், எழுத்துப் பிழை குறைந்தது. விடையில் மாற்றமே இல்லை. கடினமான சொல் என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்லை ஆசிரியர் எப்படியும் விளக்கிவிடுகிறார். பிள்ளை விழுவது யாரும் விளக்காத சொற்களில்: வேறுபடுத்துக, ஒப்பிடுக, காரணம் கூறுக, நிறுவுக. 'வேறுபடுத்துக' என்றால் இரண்டு வரையறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு வருகிறார்கள். எதில் வேறுபடுகிறது என்று ஒரு வரி இருக்காது.

15 டிசம்பர்

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் படுக வீட்டுப் பெண் இல்லை. என் தாத்தா பாட்டி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், நான் வளர்ந்தேன். வீட்டில் தமிழ்தான். ஆனால் ஆறாம் வகுப்பில் 'காலையில் பிரட்டுக்குப் போய்' என்று கட்டுரையில் எழுதினேன், சிவப்பு மையில் வட்டம் போட்டுக் 'கொச்சை' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் காலையில் பெயர் கொடுக்கப் போகிற இடம் பிரட்டுக்களம். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியாது, அந்த வட்டம் போட்டவரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் கட்டுரையில் எங்கள் வீட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. புத்தகத்தில் இருந்ததையே எழுதினேன், நல்ல மதிப்பெண் வந்தது.

தமிழே வீட்டு மொழியாக இருந்த எனக்கு இப்படி. 'போறேன்' என்று பேசிவிட்டுப் 'போகிறேன்' என்று எழுதுகிற தூரத்தை எல்லாத் தமிழ்ப் பிள்ளையும் கடக்க வேண்டும். படுக வீட்டில் பாலை 'ஹாலு' என்று சொல்லி வளர்ந்த பிள்ளை அதற்கு முன்னால் இன்னொரு தூரமும் நடந்து வந்திருக்கிறது.

16 டிசம்பர்

தேயிலை பற்றி எழுதியதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'நொதித்தலுக்கு எடுத்துக்காட்டு தருக.' ஒரு பையன் 'தேயிலை' என்று எழுதியிருந்தான். தவறு என்று போட்டேன். ஈஸ்ட், தோசை மாவு, தயிர் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவன் விடவில்லை. "எங்கப்பா பேக்டரில பெர்மென்டிங் ரூம்லதான் டீச்சர் வேலை செய்யுறாரு." உண்மைதான். கொழுந்தை வாட வைத்து, உருட்டி, பிறகு நிறம் மாறுவதற்காகப் பரப்பி வைக்கும் கட்டத்தைத் தேயிலைத் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே நுண்ணுயிரிக்கு வேலையில்லை, இலையில் இருக்கும் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்கிற ஆக்சிஜனேற்றம் அது. ஆக, வேதியியலில் நான் சொன்னது சரி, தொழிலில் அவன் சொன்னது சரி. மறுநாள் வகுப்பில் இதை அப்படியே சொன்னேன்: ஒரே சொல் பேக்டரியில் ஒரு வேலை செய்கிறது, புத்தகத்தில் வேறு வேலை செய்கிறது. மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தப் பையன் ஒவ்வொரு பாடத்திலும் "இதுக்கு எங்க ஊர்ல வேற பேர் டீச்சர்" என்று கையைத் தூக்குகிறான். முக்கால்வாசி நேரம் அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

19 டிசம்பர்

உறைபனி விடைக்குப் பிறகு என்ன செய்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாக.

அந்தப் பெண் காலையில் பேசியதை, பேசியபடியே கரும்பலகையின் இடது பக்கம் எழுதினேன். 'வானம் பளிச்சுனு இருந்துச்சு.' 'சூடெல்லாம் மேல போயிடும்.' 'பள்ளத்துல குளிர் தேங்கும்.' பேச்சுத் தமிழைப் பலகையில் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. இதில் பொய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இதையே பார்க்காத ஊர்க்காரருக்கு எழுத வேண்டும், எப்படி எழுதலாம்?

வலது பக்கம் மெதுவாக வந்தது. 'பளிச்சுனு' என்பதற்கு ஒருவன் 'தெளிவாக' என்றான், இன்னொருத்தி 'மேகமில்லாமல்' என்றாள், அதை 'மேகமற்ற இரவில்' என்று சுருக்கினோம். 'சூடு மேல போயிடும்' என்பது 'நிலம் வெப்பத்தை இழக்கிறது' ஆனது. மேகம் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கம்பளி போத்துன மாதிரி டீச்சர்" என்று பின்வரிசையிலிருந்து வந்தது. அதை எதையும் மாற்றாமல் அப்படியே எழுதினேன்.

பிறகுதான் முக்கியமான இடம். 'இழக்கிறது' என்ற வினையை 'இழப்பு' என்று பெயராக்கிக் காட்டினேன். எதற்கு என்றால், அப்போதுதான் முதல் வாக்கியத்தை மடித்து அடுத்த வாக்கியத்தின் தோளில் ஏற்ற முடியும்: 'நிலம் வெப்பத்தை இழக்கிறது. இந்த வெப்ப இழப்பால்...' என்று தொடரலாம். புத்தகத் தமிழ் நகர்கிற விதமே இதுதான். தேங்குகிறது, தேக்கம். அரிக்கிறது, அரிப்பு. வளர்கிறது, வளர்ச்சி. நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரு பக்கம் நிரப்பினார்கள். இதை எனக்கு யாரும் பி.எட். படிக்கும்போது சொல்லித் தரவில்லை, பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் கண்ணில் பட்டது.

20 டிசம்பர்

நேற்று எழுதியதைப் படித்து ஒருவர் எச்சரித்தது சரிதான், எல்லாவற்றையும் பெயராக்கினால் விடை மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். மண்ணரிப்பு விடையில் ஒரு பையன் 'மழையின் பெய்தலின் காரணத்தினால்' என்று எழுதிக்கொண்டு வந்தான். 'மழை பெய்வதால்' போதும் என்று சொல்லிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்றைச் சொல்லித் தந்தால் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும்.

27 டிசம்பர்

'வகுப்பில் படுகவில் பேச விட்டால் தமிழ் கெட்டுப் போகாதா?' பெற்றோர்களும் என்னிடம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. குழு வேலையில் முதல் பத்து நிமிடம் எந்த மொழியிலும் பேசலாம், பலகைக்கு வரும்போது மட்டும் தமிழ். அந்தப் பத்து நிமிடத்தில் காரணம் எது, விளைவு எது என்று அவர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். எனக்குப் படுக மொழி பாதிதான் புரியும், அதனால் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவர்கள் எனக்கு விளக்கும்போது யாரும் சொல்லாமலே வாக்கியம் நீளமாகிறது. ஒரு மொழியில் யோசித்துத் தெளிந்தது இன்னொரு மொழிக்கும் உதவும் என்பதும் கம்மின்ஸ் சொன்னதுதான்.

கூடலூரிலிருந்து எழுதும் சார், உங்கள் பழங்குடிப் பிள்ளைகள் பேசுகிற பணிய மொழிக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே தமிழோடு மலையாளமும் கலந்து நிற்பதால் உங்களுக்கு என்னைவிடக் கூடத் தெரியும், எழுதுங்கள்.

6 ஜனவரி

படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விடுமுறை. வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று கொடுத்தேன்: வீட்டிலிருக்கும் வயசானவர் ஒருவரிடம், வீட்டு மொழியில், உறைபனி எப்படி வருகிறது என்று விளக்க வேண்டும். அவர் கூடுதலாகச் சொல்வதைத் தமிழில் எழுதி வர வேண்டும்.

இருபத்தாறு பேர் எழுதி வந்தார்கள். வழக்கமாக வீட்டுப்பாடம் கொடுத்தால் பன்னிரண்டு நோட்டுத்தான் மேஜைக்கு வரும். ஒரு பாட்டி, 'வெயில் ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்தால் இலை தப்பும்' என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் வீட்டில், பீன்ஸ் போய்விடும், பூண்டு தாங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். 'ஏன் தாங்கும்?' என்று பேத்தி திருப்பிக் கேட்டிருக்கிறாள். பாட்டிக்குத் தெரியவில்லை, என்னிடம் வந்து கேட்டாள். தேடிப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

13 ஜனவரி

ஆங்கில வழிப் பிரிவு பற்றி. அரசுப் பள்ளிகளில் 2012-13இலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன, எங்கள் பக்கம் பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளை கீழே கோயம்புத்தூர் போய்ப் பிழைக்க வேண்டும் என்ற கவலை அது. ஆனால் வீட்டில் படுக, வாசலில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மாடி ஏறுகிற பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகப் படி கட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே நடப்பது பெரும்பாலும் கைடைப் பார்த்து எழுதுவது. நோட்டு அழகாக இருக்கும், ஒரு வரியைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். அழகான நோட்டைப் பார்த்துத்தான் நான் ரொம்ப வருஷம் ஏமாந்தேன்.

14 ஜனவரி

முதலில் கேள்வி கேட்டவர் கேட்கிறார்: பாடத்தை முடிக்க நேரம் எங்கே? உண்மையான கஷ்டம்தான். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. நான் ஒரு பருவத்துக்கு மூன்று கேள்விகள் எடுத்துக்கொள்கிறேன், மூன்றே மூன்று. அவற்றைப் பேச்சிலிருந்து தாள்வரை முழுசாக நடத்துகிறேன். மற்றதெல்லாம் வழக்கம்போல. பொங்கல் கழிந்து ஒன்றில் தொடங்கிப் பாருங்கள் சார். உங்கள் பிள்ளைகள் வாயாடுவதாக எழுதியிருந்தீர்கள், அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள்.

29 ஜனவரி

உறைபனிப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. திருப்புதல் தேர்வுக்கு நான் வேண்டுமென்றே அந்தக் கேள்வியைக் கூடுதல் வினாவாகச் சேர்த்தேன். அவள் எழுதியது:

"மேகமற்ற இரவில் நிலம் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. இந்த வெப்ப இழப்பால் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. எனவே மேட்டு நிலத்தைவிடப் பள்ளத்தில் உறைபனி அதிகம் படிந்து பயிர் கருகும். இருப்பினும் பூண்டு தாங்கும்."

நாலரை போட்டேன். நீராவி நேரடியாகப் பனிக்கட்டியாவதை விட்டுவிட்டாள். தாளைக் கொடுத்ததும் நின்ற இடத்திலேயே புரட்டிப் பார்த்துவிட்டு நேராக மேஜைக்கு வந்தாள். "அரை மார்க் எங்க டீச்சர் போச்சு?"

போன வருஷம் ஒன்று போட்டபோது அவள் எதுவும் கேட்கவில்லை.